நெஞ்செரிச்சல் இருக்கிறவருக்கு ஸ்லீவா, பைபாஸா?

மருந்துப்பெட்டி (பொது மருத்துவர்)

பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 38. சர்க்கரை எட்டு வருடமாக; இன்சுலினும் போகிறது. ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறுகிறது. இந்த நோயாளிக்கு எடை குறைக்க ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிக் குழலாக ஒடுக்கும் அறுவை) என்று எழுதி வந்திருக்கிறது. "சின்ன ஆபரேஷன், குடலையே தொடமாட்டோம்" என்று சொன்னார்களாம். நெஞ்செரிச்சலை வைத்துக்கொண்டு ஸ்லீவ் சரிதானா? வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் எதைப் பார்த்தால் உடனே திருப்பி அனுப்ப வேண்டும்? மாத்திரைகளில் எதை நிறுத்துவது, எது ஆயுசுக்கும்?

கத்திமுனை (பொது அறுவை)

எண்டோஸ்கோபி பார்த்தார்களா? முதலில் அதைக் கேளுங்கள். உணவுக்குழாயின் அடியில் புண், பாரெட் மாற்றம் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்சவ்வு மாறிப்போவது), பெரிய ஹயாட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிடுவது), இதில் ஒன்று இருந்தாலும் நான் பைபாஸ் (இரைப்பையின் மேலே சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கும் எடைக்குறைப்பு அறுவை) கட்சி.

ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கம் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறோம். வாய்வழியாக 36 முதல் 40 ஃப்ரெஞ்ச் பூஜியை (அளவுக்கு வைக்கும் குழாய்) இறக்கி (12, 13 மிமீ கனம்), பைலோரஸுக்கு (இரைப்பையின் கீழ்வாய்) 4–6 செமீ முன்பிருந்து அதை ஒட்டினாற்போல மேல்வரை ஸ்டேப்ளர் ஓட்டுவோம். மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு குழல். சாப்பாடு வந்தால் விரிந்து இடம் கொடுக்கும் ஃபண்டஸ் (இரைப்பையின் மேல்பகுதி) போய்விட்டது, கீழே பைலோரஸ் அப்படியே இறுக்கமாக இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் போக்கிடம் மேலேதான். முன்பு நெஞ்செரிச்சலே இல்லாதவருக்கும் புதிதாக வருவது இதனால்தான்.

பைபாஸில் மேலே விடுவது 15–30 மிலி பை. அமிலம் சுரக்கும் பகுதி பெரும்பாலும் கீழே தனியாகிவிடும்; பித்தமும் வழக்கமாக ஒரு மீட்டருக்கு மேல் தள்ளித்தான் வந்து சேரும். எரிச்சல் அடங்கும், சர்க்கரைக்கும் ஒரு படி மேல். ஆனால் எட்டு வருடச் சர்க்கரை, அதிலும் இன்சுலின் என்றால், "மருந்தே வேண்டாம்" என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. கணையத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுதான்.

"சின்ன ஆபரேஷன்" என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. வெட்டி வெளியே எடுத்த இரைப்பையைத் திரும்ப ஒட்ட முடியாது.

திருப்பி அனுப்பும் விஷயம்: வயிற்றை அழுத்திப் பார்ப்பதற்கு முன் நாடியைப் பிடியுங்கள். பருத்த வயிற்றில் விறைப்பு கைக்குச் சிக்காது. ஓய்வில் இருக்கும்போதே நாடி 120-க்கு மேல் நின்றால் கசிவு, ரத்தக்கசிவு, நுரையீரலில் ரத்தக்கட்டி, இம்மூன்றில் ஒன்று என்று எடுத்துக்கொண்டே அனுப்புங்கள். ஸ்லீவில் கசிவது பெரும்பாலும் ஸ்டேப்ளர் வரிசையின் உச்சியில், உணவுக்குழாய் சேரும் இடத்தருகே. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. கீழே வளைவில் குழல் குறுகிப்போனால் அழுத்தம் முழுவதும் அங்கேதான் போய் மோதும். முதல் வாரம் நன்றாக இருந்தவருக்கு இரண்டாவது வாரத்திலும் வரலாம்.

மயக்கமருந்து_மேசை

மேலே சொன்ன நாடிக் கணக்கில் ஒரு ஓட்டை: பீட்டா பிளாக்கர் (நாடியை மெதுவாக்கும் மருந்து) சாப்பிடுகிறவருக்கு நாடி ஏறாது. அவருக்கு மூச்சு எண்ணிக்கையையும், குறைந்துகொண்டே வரும் சிறுநீர் அளவையும் பாருங்க. தோள்பட்டை வலியை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம். வயிற்றில் ஏற்றிய கார்பன் டைஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். போன வலி திரும்பி வந்தாலோ, கூடவே காய்ச்சல் இருந்தாலோ அது வாயு இல்லை.

சர்க்கரை மாத்திரையில் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிறதெல்லாம் அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்தணும், எர்டுகிளிஃப்ளோசின் மட்டும் 4 நாள். பட்டினியோடு அது சேர்ந்தால் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) வரும். அறுவைக்குப் பின் கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரை வேண்டாம்; இன்சுலின் தேவை முதல் வாரத்திலேயே மளமளவென்று இறங்கும், பழைய சீட்டைப் பார்த்துப் போட்டுவிடாதீங்க. நீர் பிரியும் மாத்திரையையும் நிறுத்துங்க. வாயால் குடிப்பதே தம்ளர் தம்ளராக எண்ணும் நிலையில் அது சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும்.

அளவுக்கரண்டி (உணவியல்)

அறுவைக்கு முன் இரண்டு வாரம் 800–1000 கலோரி உணவு. இது எடைக்காக இல்லை, ஈரலுக்காக. கொழுப்பு ஏறின இடது மடல் இரைப்பைக்கு மேலேயே படுத்திருக்கும். அது சுருங்கினால்தான் சர்ஜனுக்கு மேல்பகுதி கண்ணுக்குத் தெரியும்.

பின்னால்: நாளைக்கு 60–80 கிராம் புரதம், ஒன்றரை லிட்டர் தண்ணீர். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் வேண்டாம். மாத்திரைகள் ஆயுசுக்கும்தான். பி12, மல்டிவைட்டமின், வைட்டமின் டி, இரும்பு, கால்சியம். கால்சியம் சிட்ரேட்டாக இருக்கட்டும். கார்பனேட்டுக்கு அமிலம் வேணும், இங்கே அது குறைவு. ஒரு வேளைக்கு 500–600 மிகி, நாளைக்கு 1200–1500. இரும்போடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது, 2 மணி நேர இடைவெளி விடச் சொல்லுங்க. மூணு மாசத்தில் முடி கொட்டுதுன்னு ஓடி வருவாங்க. புரதமும் இரும்பும் சரியா இருந்தால் தானே நிற்கும்.

மருந்துப்பெட்டி

நன்றி. நாலாவது வாரம் வாந்தியோடு வந்தால் ட்ரிப் போட்டு அனுப்பலாமா?

அளவுக்கரண்டி

டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் ட்ரிப்) தொடுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி. சில வாரம் விடாமல் வாந்தி எடுத்தவருக்கு உடம்பில் தயமின் இருப்பே இருக்காது. குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமும் கரைந்து மூளைக்கே ஆபத்து. கண் ஒரு மாதிரி அலைபாய்கிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பாருங்க.

கத்திமுனை

தயமினைப் போட்டுவிட்டு எங்களிடமே அனுப்புங்கள், குழல் குறுகியிருக்கிறதா என்று எண்டோஸ்கோபியில் பார்க்க வேண்டும்.

பைபாஸ் செய்தவராக இருந்தால் சீட்டின் மேல் சிவப்பு மையில் இரண்டு எழுதி வையுங்கள். ஒன்று, டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை கூடாது, புகையும் கூடாது. இரண்டும் இணைப்பில் புண் போடும். இன்னொன்று, வருடங்கள் கழித்து விட்டு விட்டு வரும் வயிற்றுவலி. எடை இறங்கியதும் குடலைத் தாங்கும் சவ்வின் கொழுப்பு கரைந்து, அறுவையில் தைத்து மூடிய இடுக்குகள்கூடத் திறந்துகொள்ளும். குடல் அதில் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். சாப்பிட்டால் வலி, கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும். வலி விட்ட நேரத்தில் எடுத்த சிடி ஸ்கேன் சாதாரணமாகவே வரலாம். அதைக் காட்டி கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். லேப்ராஸ்கோப் (சிறு துளை வழியாக வயிற்றுக்குள் பார்க்கும் கருவி) போட்டுத்தான் பார்க்க வேண்டும்.