குறட்டையைக் கேட்டது யார்? – உறக்க, கனவு அனுபவங்களைப் பகிருங்கள்

அரைத்துயில்

படுத்தபடி, தூங்காமலே உடலைத் தளர்த்தும் யோக நித்திரை பழகுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முறை உங்களுக்குத் தெரிந்ததுதான், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மல்லாந்து கிடக்கும் சவாசனம், மனதுக்குள் உறுதி சொல்லும் சங்கல்பம், வலக்கைக் கட்டைவிரலில் தொடங்கிக் கவனத்தால் உடலைச் சுற்றி வருதல் எல்லாம் முடிந்து, மூச்சை 27-இலிருந்து பின்னோக்கி எண்ணும் கட்டம். எந்த எண்ணில் நழுவவிட்டேன் என்று தெரியாது. யாரோ குறட்டை விட்டார்கள். கூடத்தில் பலர் படுத்திருந்தோம். ‘தூங்காதீர்கள் என்று அத்தனை முறை சொல்லியும் தூங்குகிறார்களே’ என்று எரிச்சல் வந்தது. அடுத்த குறட்டையில் தொண்டை அதிர்ந்தது. என் தொண்டை.

தெரிந்த பிறகும் குறட்டை நிற்கவில்லை. உடல் தன் பாட்டுக்குத் தூங்கியது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பயிற்றுநரின் குரலும் வந்தது, ஆனால் சொற்களாக வரவில்லை. இறுதிச் சங்கல்பத்தின்போதுதான் மீண்டேன்.

உடல் தூங்க நான் விழித்திருந்தது பெரிய வியப்பில்லை, பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த எரிச்சல்தான் இன்றுவரை உறுத்துகிறது. உறக்கத்தைக் காணும் சாட்சி, அதாவது நமக்குள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் அறிவு, விருப்பு வெறுப்பற்றது என்று படித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த சாட்சியோ என் அன்றாடச் சிடுசிடுப்போடு அங்கே உட்கார்ந்திருந்தது. உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?

வெண்ணிலவன்

எனக்கு நேர்ந்தது கனவில். பகலில் அவ்வப்போது ‘இது கனவா?’ என்று கேட்டுப் பழகுவதும், படுக்கும்போது ‘கனவில் விழித்துக்கொள்வேன்’ என்று சங்கல்பம் செய்வதும் இங்கே பலர் செய்வதுதான். விடியலை ஒட்டிய கனவு. அம்மா புடவை மடித்துக்கொண்டிருந்தார். அவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அது நினைவுக்கு வந்ததுமே கனவு என்று தெரிந்துவிட்டது. புடவையின் கரை அவ்வளவு துலக்கமாக இருந்தது, நூலை எண்ணியிருக்கலாம்.

எத்தனையோ கேட்டிருக்கலாம். நான் சொன்னது இவ்வளவுதான்: ‘அம்மா, இது கனவு.’

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘அதனால் என்ன, அந்த முனையைப் பிடி’ என்றார்.

பிடித்தேன். மடித்து முடிப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கிய முனிவர் ஜனக மன்னரிடம் கனவைப் பற்றிச் சொல்வது நினைவிருக்கும்: அங்கே தேர்கள் இல்லை, குதிரைகள் இல்லை, பாதைகள் இல்லை, எல்லாவற்றையும் கனவு காண்பவனே படைத்துக்கொள்கிறான். சரி, அம்மாவையும் புடவையையும் நானே படைத்தேன். அந்த விடையையும் நான்தான் படைத்தேன் என்றால், அதைக் கேட்டு நான் ஏன் திகைத்தேன்?

ஐயப்பாடு

அரைத்துயில் அவர்களே, உங்களுடையதில் மர்மம் எதுவும் இல்லை. உறக்கத்தின் முதல் கட்டம் மிக மெல்லியது. அதில் இருப்பவரை எழுப்பிக் கேட்டால் ‘நான் தூங்கவே இல்லை’ என்பார். தசைகள் தளர்ந்து குறட்டை வந்துவிடும், காதும் ஓரளவு வேலை செய்யும். அதற்குச் சாட்சி, ஆன்மா என்றெல்லாம் போக வேண்டியதில்லை.

வெண்ணிலவன் சொன்னது நடக்கக்கூடியதே. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளர் இதைப் பதிவு செய்தார். கனவு காணும் உறக்கத்தில் உடல் தசைகள் செயலற்றுக் கிடக்கும், கண்கள் மட்டும் அசையும். கனவில் விழித்துக்கொண்டவர், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துச் சைகை காட்டினார். ஆனால் அது மூளை செய்யும் வேலை, முத்திக்கு வழி அல்ல.

என் அனுபவம்: விழித்தேன், அசைய முடியவில்லை, மார்பின் மேல் ஒரு கனம், கதவருகே யாரோ நின்றார்கள். ‘அமுக்குவான் பேய்’ என்பார்களே, அதுதான். கதவருகே நின்றவருக்கு முகம் இல்லை. ஆனால் அவருக்கு என்னைத் தெரியும் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

இப்படி நேர்பவர்களுக்குச் சில சொல்லிவிடுகிறேன். கனவு உறக்கத்தின் தசைச் செயலின்மை, விழிப்பு வந்த பிறகும் சற்று நீடிப்பதுதான் இது. சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ போய்விடும், தீங்கில்லை. மல்லாந்து படுப்பவர்களுக்கு அதிகம் வரும், ஒருக்களித்துப் படுங்கள். தூக்கம் கெட்டால் வரும், நேரம் மாற்றி மாற்றித் தூங்கினாலும் வரும். எனவே நடு இரவில் எழுந்து பயிற்சி செய்கிறேன் என்று உறக்கத்தைத் துண்டாடாதீர்கள். வந்துவிட்டால் போராடாதீர்கள், விரல் நுனியையோ கால் பெருவிரலையோ மட்டும் அசைக்க முயலுங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அடிக்கடி வந்து, பகலிலும் அடக்க முடியாத தூக்கம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், அது நார்கோலெப்சி என்ற உறக்க நோயாக இருக்கலாம். அரைத்துயில் அவர்களே, உங்கள் குறட்டைக்கும் ஒரு பரிசோதனை நல்லது. உறக்கத்தில் மூச்சு தடைபடுவது இரத்த அழுத்தத்தை ஏற்றும். எடை, கழுத்துச் சுற்றளவு, மது, எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும்.

அரைத்துயில்

குறட்டைக்கு மருந்து கேட்கவில்லை ஐயா. ஆனால் அந்த முகமில்லாதவரைப் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டு ஓடிவிட்டீர்களே. ‘அவருக்கு என்னைத் தெரியும்’ என்றீர்கள். அதுவும் தசைச் செயலின்மைதானா?

திருநீற்றடியார்

அரைத்துயில் தம்பி, உங்கள் எரிச்சலுக்குச் சைவ சித்தாந்தத்தில் கணக்கே இருக்கிறது. அதன் முதன்மை நூலான சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் சொல்லும் ஐந்து அவத்தைகளில், அதாவது உயிரின் நிலைகளில், நனவில் உயிர் புருவ நடுவில் 35 கருவிகளோடு (புலன், மனம், மூச்சு போன்றவை) இருக்கிறது. கனவில் கண்டத்துக்கு இறங்கும்போது கண், காது முதலிய ஞானேந்திரியம் ஐந்தும் கை, கால் முதலிய கன்மேந்திரியம் ஐந்தும் கழிந்து 25. சுழுத்தி என்ற கனவற்ற உறக்கத்தில், இதயத்தில் சித்தம், பிராணன், புருடன் என மூன்றே. அதற்கும் ஆழமான துரியத்தில் உந்தியில் இரண்டு, கடைசியான துரியாதீதத்தில் முதுகெலும்பின் அடியான மூலாதாரத்தில் புருடன் மட்டும்.

உங்களுக்குக் காது கேட்டது, ஆகவே கனவுக்கே நீங்கள் முழுமையாக இறங்கவில்லை. எரிச்சல் வந்தது, ஆகவே அகங்காரம் வேலையில் இருந்தது. நீங்கள் கண்டது சாட்சி அல்ல, பாதிப் படியில் நின்ற அகங்காரம். இன்னொன்று: உயிர் இப்படிக் கீழே இறங்கும் கீழாலவத்தையில் வரும் துரியம் ஒடுக்கத்தின் ஆழம்தான், விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் கடந்ததாக மாண்டூக்கிய உபநிடதம் சொல்லும் துரியம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

என்னுடையது ஒன்று. ஒரு அறுவைச் சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். எண்ணச் சொன்னார்கள். ‘இரண்டு’ என்று வாய் திறந்தேன். ‘முடிந்துவிட்டது ஐயா’ என்றார் செவிலியர். நடுவில் நேரம் என்பதே இல்லை. தினமும் காலையில் எழும்போது, கனவே இல்லாத உறக்கமானாலும், ‘தூங்கினேன்’ என்று ஏதோ ஒன்று நமக்குத் தெரிகிறது. அன்று அது தெரியவில்லை. வெட்டி ஒட்டியதுபோல் இரண்டு கணங்கள். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி உறக்கத்தையும் மனதின் ஐந்து விருத்திகளில், அதாவது அசைவுகளில், ஒன்றாக ஏன் சேர்த்தார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. ‘சுகமாகத் தூங்கினேன்’ என்று பின்னால் நினைவுகூர முடிகிறது, அனுபவிக்காததை நினைவுகூர முடியாது என்பது அந்தச் சூத்திரத்துக்கு வியாசர் உரை. மூர்ச்சையை உறக்கத்தோடு சேர்க்காமல் பாதி நிலை என்று வேதாந்த நூலான பிரம்மசூத்திரம் தனியே வைப்பதும் சும்மா இல்லை.

யாழினி

கருவிக் கணக்கு இருக்கட்டும். கனவில் என்ன வருகிறது என்பதை யாருமே பேசவில்லையே.

நான் யோகம் சொல்லித் தருகிறேன். எழுந்ததும் கனவைக் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. நெருங்கிய தோழிக்கு ஏதோ விருது தருகிறார்கள். மேடையில் அவள் பெயரைத் தவறாகப் படிக்கிறார்கள், அவள் முகம் சுருங்குகிறது. கூட்டத்தில் ஒருத்தி மட்டும் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அது நான். எழுந்தபோது என் கன்னங்கள் சிரிப்பில் இழுத்தபடியே இருந்தன. கையால் தடவிச் சரிசெய்தேன்.

அகிம்சை பற்றி மாணவர்களுக்கு எவ்வளவோ பேசியிருக்கிறேன். அவள்மேல் பொறாமை உண்டா என்று பகலில் யார் கேட்டிருந்தாலும் இல்லை என்றே சொல்லியிருப்பேன், அதுவும் மனமறிந்த பொய்யாக அல்ல. கனவிலும் உறக்கத்திலும் கிடைக்கும் அறிவைப் பற்றிக்கொண்டும் மனம் நிலைபெறலாம் என்று யோக சூத்திரம் 1.38 சொல்கிறது. உரைகாரர்கள் தெய்வ உருவங்களைக் கனவில் காண்பதை எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு வாய்த்தது இந்தச் சிரிப்பு. இதைப் பற்றிக்கொண்டு எதில் நிலைபெறுவது?

ஐயப்பாடு

அம்மா, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கனவு உறக்கத்தில் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா முனைப்பாக இருக்கும், சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளைப் பகுதி அடங்கியிருக்கும். கனவில் செய்ததை வைத்து உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்வது நியாயமில்லை.

யாழினி

குற்றவாளி என்று சொல்லவில்லை. சீர்தூக்கும் பகுதி அடங்கியபோது அது வெளியே வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். பகலில் எதை அடக்கிவைத்திருந்தேன் என்பதுதான் என் கேள்வி.

திருநீற்றடியார்

வாசனை, பழைய வினைகள் மனதில் விட்டுச்சென்ற பதிவு, அவ்வளவுதான். இன்ன வாசனை என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் நூறு பிறவி போதாது. கனவைக் குறித்துவைக்காதீர்கள், காண்பவனைத் தேடுங்கள்.

வெண்ணிலவன்

அடியார் ஐயா, காண்பவனைத் தேடு என்று சொல்வது எளிது. அம்மா ‘முனையைப் பிடி’ என்றபோது நான் தேடப் போயிருந்தால் புடவை தரையில் விழுந்திருக்கும். ஆழ்ந்த உறக்கத்தில் தந்தை தந்தையல்ல, தாய் தாயல்ல என்று அதே பிருகதாரண்யகம் சொல்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டு நான் நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். அது ஆறுதலாக எழுதப்பட்டதாம். எனக்கு ஆறுதலாக இல்லை.

அரைத்துயில்

எல்லாவற்றையும் படித்தேன். அடியார் ஐயா சொன்ன ‘பாதிப் படியில் நின்ற அகங்காரம்’ சரியாகத்தான் படுகிறது, பிடிக்கவில்லை என்பது வேறு. ஆனால் உறக்கம் அனுபவம்தான், நினைவுகூர முடிகிறது என்ற வாதத்தை நையாயிகர்கள், அதாவது நியாயம் என்ற தர்க்கத் தரிசனத்தார், ஏற்பதில்லை. எழும்போது உடல் தெளிவாக இருக்கிறது, இடைப்பட்ட நேரம் பற்றி எதுவும் தெரியவில்லை, இவற்றைக் கொண்டு ‘தூங்கியிருக்கிறேன்’ என்று ஊகிக்கிறோம், அது நினைவே அல்ல என்பார்கள். அது நினைவுதான் என்று வேதாந்திகள் விடமாட்டார்கள். நானும் காலையில் கவனித்துப் பார்க்கிறேன். நினைவா ஊகமா என்று பிரிப்பதற்குள் அன்றைய வேலை வந்து நின்றுவிடுகிறது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் பிரஜாபதியிடம் ஆத்மாவைப் பற்றிப் பாடம் கேட்ட இந்திரன்தான் என் ஆள். கனவற்ற உறக்கத்தில் இருப்பதே ஆத்மா என்று பிரஜாபதி சொன்னதும் மகிழ்ந்து கிளம்பியவன், பாதி வழியில் திரும்பி வந்தான். ‘அங்கே “இது நான்” என்றுகூடத் தெரிவதில்லையே, அழிந்துபோனவன் போல அல்லவா இருக்கிறான், இதில் எனக்கு என்ன நன்மை?’ என்று கேட்டான். மேலும் 5 ஆண்டுகள் இருக்கச் சொன்னார். மொத்தம் 101 ஆண்டுகள். அவ்வளவு காலம் பாடம் கேட்டவனுக்கே அந்த ஐயம் வந்தது என்றால் எனக்கு வரக்கூடாதா?

தூறல்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். யோகமெல்லாம் பெரிதாகத் தெரியாது. ஒரு பிற்பகல் அசந்து தூங்கி எழுந்தபோது நான் யார் என்றே தெரியவில்லை. எந்த அறை, காலையா மாலையா, ஆணா பெண்ணா, எதுவும் இல்லை. கூரை தெரிந்தது, பார்ப்பது நடந்தது. பயமும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. நீங்கள் விவாதிப்பது இதைத்தானா என்று தெரியவில்லை, வேறு என்றால் விட்டுவிடுங்கள்.

ஐயப்பாடு

ஆழ்ந்த உறக்கத்திலிருந்து சட்டென்று விழித்தால் இந்தக் குழப்பம் வரும். பகல் தூக்கத்தை அரை மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அரைத்துயில்

தூறல், விடாதீர்கள். எந்த வரிசையில் வந்தது? முதலில் பெயரா, இடமா?

தூறல்

முதலில் வந்தது ஒரு கவலை. யாருக்கோ பணம் தர வேண்டும் என்பது. யாருக்கு என்று தெரியாது, தர வேண்டியவர் யார் என்றும் தெரியாது, ஆனால் தர வேண்டும். அதன் பிறகு அறை, பிறகு கிழமை. பெயர் கடைசியில்தான் வந்தது.