25 எச்.பி. டிராக்டருக்கு ஸ்னோ புளோயர்: முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா?

கலப்பை (கேள்வி):
என்னிடம் இருப்பது 25 எச்.பி. சிறிய டிராக்டர், ஹைட்ரோஸ்டாட்டிக் (கியர் மாற்றாமல் மிதியிலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை), முன்னால் லோடர், பின்னால் வழக்கமான பி.டி.ஓ. (மாட்டும் கருவியை என்ஜின் பலத்தில் சுற்ற வைக்கும் தண்டு), வயிற்றுக்கடியில் மிட் பி.டி.ஓ.வும் உண்டு. வீட்டுப் பாதை நூறு மீட்டருக்கு மேல், அதில் பாதி ஜல்லி. லோடர் பக்கெட்டால் பனியை அள்ளி ஓரத்தில் கொட்டிக் கொட்டி, சீசன் பாதி தாண்டுவதற்குள் இரண்டு பக்கமும் மதில் மாதிரி எழும்பிவிடுகிறது, அப்புறம் அள்ளியதைப் போட இடமில்லை. பனியை உள்ளிழுத்துத் தூர வீசும் புளோயர் வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பழையது இரண்டு பார்த்திருக்கிறேன். ஒன்று, பின்னால் த்ரீ பாயிண்டில் (கருவியைத் தூக்கி இறக்கும் மூன்று முனைப் பிடிப்பில்) மாட்டும் 5 அடி புளோயர். இன்னொன்று வேறொரு டிராக்டரின் முன்பக்கத்தில் மிட் பி.டி.ஓ.வில் ஓடியது, பாதி விலைதான், ஆனால் பிடிக்கும் சட்டமும், பி.டி.ஓ.வோடு இணைக்கும் ஷாஃப்டும் இல்லை. வெல்டிங் எனக்கு வரும். சட்டம் செய்து முன்னால் மாட்டலாமா, இல்லை அதையே பின்னால் மாட்டி, பின் பி.டி.ஓ.வின் 540 சுற்று வேகத்துக்குத் திருப்பிவிடலாமா? பின்னால் என்றால் முழு நேரமும் ரிவர்ஸில் திரும்பிப் பார்த்தே ஓட்ட வேண்டும், கழுத்து தாங்குமா என்பதும் கவலை.

பழைய டீசல்:
விலை இருக்கட்டும், முதலில் அந்த இரண்டாவது புளோயரின் கியர்பாக்ஸ் எந்த வேகத்துக்குச் செய்தது என்று பாருங்கள். பின் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று. மிட் பி.டி.ஓ. பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் 2000 சுற்றை ஒட்டி இருக்கும். 2000க்குச் செய்ததைப் பின்னால் மாட்டினால் விசிறி கால்வாசி வேகத்தில்தான் சுற்றும், பனி வெளியே பறக்காமல் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும். 540க்குச் செய்ததை 2000இல் மாட்டுவது அதைவிட ஆபத்து, நாலு மடங்கு வேகத்தில் விசிறி உடைந்து சிதறக்கூடும்.

அடுத்தது திசை. டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பின் பி.டி.ஓ. கடிகார முள் திசையில் சுற்றும். முன்னால் மாட்டும் புளோயர்களின் திசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தலைகீழாகச் சுற்றினால் ஆகர் (முன்வாயில் சுற்றும் திருகு) பனியை நடுவுக்கு இழுக்காது, ஓரத்துக்குத் தள்ளிவிடும். இதைச் சரிசெய்ய நடுவில் இன்னொரு கியர்பாக்ஸ், செயின் என்று போனால் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

முன்னால் மாட்டுவது என்றால் லோடரைக் கழற்ற வேண்டும், சட்டமும் வண்டியின் அடிவழியாகப் பின் அச்சு வரை போய்ப் பிடிக்க வேண்டும். முன் போல்ட்களில் மட்டும் தொங்கவிட்டால் உறைந்த கட்டியில் இடிக்கும் ஒவ்வொரு அடியும் அந்தப் போல்ட்களில்தான் இறங்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பின்னால் மாட்டும் 5 அடியைத்தான் எடுப்பேன். 25 எச்.பி. என்பது என்ஜின் கணக்கு, பி.டி.ஓ.வுக்கு வந்து சேருவது 18, 19 போலத்தான் இருக்கும். 5 அடிக்கு அது போதும், 6 அடிக்கு ஆசைப்பட வேண்டாம். ஆனால் அகலம் உங்கள் பின் டயர்களின் வெளி ஓரத்தை மூடுகிறதா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

கலப்பை:
நன்றி அண்ணா, கண் திறந்தது. லோடரிலேயே மாட்டி ஹைட்ராலிக்கில் ஓட்டும் புளோயர் ஒன்றும் கண்ணில் பட்டதே, அது?

பழைய டீசல்:
அது ஸ்கிட் ஸ்டியருக்கு (கட்டுமான வேலைக்கான சிறிய லோடர் வண்டி) செய்தது. நிமிடத்துக்கு 15, 20 கேலன் ஆயில் கேட்கும், நம் வண்டிகளின் பம்ப் அதில் பாதிகூடத் தராது. விட்டுவிடுங்கள்.

நட்டும் போல்ட்டும்:
பின்னால் மாட்டுவது என்று முடிவானால் ஷாஃப்ட் நீளத்தில் கவனம் வையுங்கள், பழைய புளோயரோடு வரும் ஷாஃப்ட் அடுத்த வண்டிக்கு அப்படியே பொருந்துவது அபூர்வம். புளோயரை மாட்டி, ஷாஃப்ட் இல்லாமல் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். இரண்டு முனைக்கும் இடையில் தூரம் எங்கே மிகக் குறைவோ அங்கே நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, ஷாஃப்டின் இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் குறி போடுங்கள். அந்த நிலையிலும் முட்டாமல் ஒரு அங்குலமாவது இடம் இருக்க வேண்டும். முட்டினால் தூக்கும்போது டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கைத்தான் அது குத்தும். இரண்டு பாதியிலும் ஒரே அளவு வெட்டுங்கள், மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையையும் அதே அளவு. வெட்டிய வாயை உள்ளும் புறமும் அரம் போட்டுப் பிசிறு எடுத்து, கிரீஸ் தடவி, கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகிறதா பாருங்கள். நீளமான நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். உறை இல்லாமல் மட்டும் ஓட்டவே வேண்டாம்.

ஷாஃப்டில் ஸ்லிப் கிளட்ச் (பளு மீறினால் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச்) இருந்தால் கோடை முழுக்கச் சும்மா கிடந்ததில் தகடுகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, கொஞ்சம் வழுக்கவிட்டு, பழைய அளவுக்கே திரும்ப முறுக்குங்கள். ஷியர் போல்ட் அடிக்கடி போகிறதே என்று கெட்டி போல்ட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. போல்ட் உடைய வேண்டும், அதற்குத்தான் அது இருக்கிறது. அது உடையாவிட்டால் கியர்பாக்ஸ் உடையும்.

மேட்டுப்பாதை:
கழுத்து வலி உண்மைதான், நூறு மீட்டர் ரிவர்ஸில் போனால் தெரியும். இழுத்துக்கொண்டு முன்னோக்கி ஓட்டும் வகையும் கிடைக்கிறது, வாய் டிராக்டரைப் பார்த்தபடி இருக்கும். ஆழம் குறைவான பனிக்கு அது சுகம், கதவை ஒட்டிக் கிடக்கும் பனியையும் இழுத்து எடுக்கும். ஆழமான பனியில் டயர் முதலில் மிதித்துவிடுவதால் அடியில் இறுகிப்போகும், வண்டியும் திணறும்.

ஜல்லிக்கு ஸ்கிட் ஷூவை (புளோயரின் இரு பக்கமும் தரையில் சறுக்கும் தாங்குதகடு) இறக்கி, வெட்டும் தகடு தரையிலிருந்து ஒரு அங்குலம் மேலே நிற்கும்படி வையுங்கள். முதல் பனியை முழுக்க வழிக்க வேண்டாம், இறுகி உறையட்டும், அதற்கு மேல் ஓட்டினால் கல் பறக்காது. ஈரப்பனி வந்தால் என்ஜின் வேகத்தைக் குறைக்காதீர்கள், 540 குறியிலேயே வைத்துவிட்டு மிதியை மட்டும் லேசாக மிதித்து ஊர்ந்து போங்கள், ஹைட்ரோஸ்டாட்டிக்கின் பெரிய வசதியே அதுதான். அப்படியும் அடைத்தால் விசிறித் தகடுகளில் ரப்பர் பட்டை போல்ட் போட்டு, விசிறியைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை மூடலாம், நல்ல வித்தியாசம் தெரியும்.

அடைப்பெடுக்க இறங்கும்போது பி.டி.ஓ.வை விடுவித்தால் மட்டும் போதாது, என்ஜினை அணைத்து, விசிறி முழுதாக நிற்கும் வரை காத்திருந்து, கட்டையால் குத்தி எடுங்கள். கை உள்ளே போகவே கூடாது. சீட்டுக்குப் பின்னாலேயே ஒரு கட்டையைக் கட்டி வைத்துவிடுங்கள்.