றோல்ஸுக்காகவா கூடுகிறோம்?

வாவிமீன்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், குடும்ப வைத்தியர்கள் மாதாமாதம் நேரில் கூடுவது றோல்ஸும் பிளேன்ரீயும் அடிக்கத்தானாம், வட்ஸ்அப் குழுவே போதுமாம். 30 வருடம் டிஸ்பென்சரி நடத்தியவன் நான். அந்தக் கூட்டங்களில் ஒரு றோல்ஸ்கூடத் தொட்டதில்லை.

கல்முனை நானா: எழுதியது நான்தான் சேர். படம் இருக்கிறது. தட்டு காலி.

வாவிமீன்: தட்டு காலியென்றால் நானா தின்றேன்? தம்பி, டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயம். அப்படி ஒரு பிள்ளை, கை கால் குளிர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாங்கில் கிடந்தது. இரவு எட்டரை. கூட்டத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட வைத்தியருக்குக் கோல் அடித்தேன். "அனுப்புங்க அண்ணன், வாட்டில் சொல்லி வைக்கிறன்" என்றார். குழுவில் போட்டிருந்தால் விடிந்த பிறகு ஒரு கட்டைவிரல் வந்திருக்கும்.

கல்முனை நானா: "பக்கத்தில் இருந்து சாப்பிட்ட." என்ன சாப்பாடு சேர்?

வாவிமீன்: சாப்பிட்டது அவர். எனக்குப் பிளேன்ரீ மட்டும்.

களுதாவளை வெற்றிலை: றோல்ஸை விடுங்கள். மே 19, உலகக் குடும்ப வைத்தியர் தினம், அதுகூட ஏன் எப்போதும் மட்டக்களப்பில்? கல்முனையிலிருந்து வருகிறவர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஓட வேண்டும்.

வாவிமீன்: மண்டூரில் இருந்த காலத்தில் பாதை என்கிற மிதவைப் படகில் வாவி கடந்து, குருமண்வெளியில் பஸ் பிடித்து வந்தவன் நான். அதுவும் வெறும் வயிற்றோடு.

மயிலம்பாவெளி: கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சூமில்தான் நான் வந்தேன் சேர். நேரில் என்றால் வந்தேயிருக்க மாட்டேன்.

வாவிமீன்: சூமில் 18 பெட்டி, அதில் 15 கறுப்பு. யாருக்கு யாரைத் தெரியும் பிள்ளை? இலங்கைப் பொது வைத்தியர்கள் கல்லூரி 1974 இல் தொடங்கியது. அப்போது சூமா இருந்தது?

மயிலம்பாவெளி: அப்போது கைபேசியும் இல்லை. எட்டரைக்கு எதில் அடித்திருப்பீர்கள்?

கல்முனை நானா: குழு வேலை செய்யவில்லை என்று சேர் சொல்லலாமா? முந்தின வருடம் ஒரு தோல் தடிப்பின் படம் போட்டு யோசனை கேட்டேன். அடுத்த நிமிடமே ரோஜாப்பூவும் காலை வணக்கமும் போட்டு மூடியது யார்?

வாவிமீன்: அது தாமரை. கதையை மாற்றாமல் றோல்ஸ் படத்தைப் போடும்.

கல்முனை நானா: போட்டாயிற்று. நீலச் சேர்ட், இடது கையைப் பாருங்கள்.

வாவிமீன்: அது பற்றிஸ்.