24-16: தட்டுவடைக் கடையில் முடியாத வழக்கு

கொண்டை ஊசி 20:

நேற்று சாயங்காலம் ஒரு வேலையாக ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கியவன், சேலம் ஐந்து ரோடு பக்கம் தட்டுவடை செட் சாப்பிட நின்றேன். பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பையன்கள், டென்னிஸ் பேச்சு. "பெடரர் பெரிய ஆள்னா நடால்கிட்ட ஏன்டா 24 தடவை தோத்தாரு?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவனுக்கு வாய் நிறைய தட்டுவடை, பதில் வரவில்லை. என் வாய் காலியாகத்தான் இருந்தது. முன்பின் தெரியாத பிள்ளைகளிடம் எதற்கு வம்பு என்று வந்துவிட்டேன். ஆனால் மலை ஏறும்போது இருபது வளைவிலும் அதே நினைப்பு. சொல்லாமல் விட்ட பதிலை இங்கே நம் குழுவில் இறக்கி வைக்கிறேன்.

சுவிஸ்காரர் பெடரரும் ஸ்பெயின்காரர் நடாலும் மோதியது 40 முறை. 2004-ல் மயாமியில் தொடங்கியது, 2019 விம்பிள்டன் அரையிறுதியில் முடிந்தது. நடாலுக்கு 24, பெடரருக்கு 16. சரி. அந்த நாற்பதில் 16 ஆட்டம் மண் தரையில் நடந்தது. அதில் நடால் 14, பெடரர் 2. மண்ணை விட்டு வெளியே வந்தால் மிச்சம் 24 ஆட்டம்: பெடரர் 14, நடால் 10. புல்லில் 3-1, கடினத் தரையில் 11-9, இரண்டிலும் பெடரர்தான் முன்னால்.

இன்னொன்று. பெடரர் மண் தரைப் போட்டிகளிலும் பைனல் வரை வந்தார், அங்கே நடால் நின்றார், தோற்றார். காலிறுதியிலேயே மூட்டை கட்டியிருந்தால் இந்தக் கணக்கில் ஒன்றும் ஏறியிருக்காது. 2004 முதல் 2008 வரை அமெரிக்க ஓபனை ஐந்து வருடமும் பெடரர் ஜெயித்தாரே, ஒரு தடவையாவது நடால் அவர் எதிரே வந்து நின்றாரா? வந்தவருக்குத் தோல்வி, வராதவருக்கு லாபம். இது என்ன கணக்கு?

தட்டுவடை செட்:

அண்ணே, என் பெயரைத் தின்றுகொண்டே என் ஆளைக் குறை சொல்கிறீர்கள். நியாயமா?

மண்ணைக் கழித்துவிட்டு நடாலுக்குக் கணக்குப் போடுவது, மாம்பழ சீசனைக் கழித்துவிட்டு சேலத்துப் பழக்கடைக்கு வருமானம் பார்ப்பது மாதிரி. பாரிசில் மண் தரையில் நடக்கிற பிரெஞ்சு ஓபனில் அவருக்கு 14 பட்டம், 112 வெற்றி, 4 தோல்வி. டென்னிஸில் மண்ணும் ஒரு தரைதானே? யாரோ போட்ட குறுக்கு வழியா அது?

கடினத் தரையில் 11-9 என்று சொன்னீர்கள். எந்தத் தேதிக்கு? 2014 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதி முடிந்த அன்று மொத்தக் கணக்கு 23-10. அன்றைக்குக் கடினத் தரையில் மட்டும் பார்த்தால் நடால் 9, பெடரர் 6. மண் காரணம் அப்போதே செத்துவிட்டது. நீங்கள் சொன்ன கடைசிக் கணக்கு 11-9-லும் கூரைக்குக் கீழே ஆடியதைப் பிரித்தால் பெடரருக்கு 5-1. திறந்த வெளிக் கடினத் தரையில் கடைசிவரை நடால்தான் 8-6. வெயிலும் காற்றும் இருந்தால் உங்கள் ஆளுக்குக் கஷ்டம் போல!

அப்புறம் புல் தரை விம்பிள்டன், 2008. பெடரர் ஐந்து வருடம் வரிசையாக ஜெயித்துக் குடியிருந்த வீடு அது. நடால் உள்ளே போய் 6-4, 6-4, 6-7, 6-7, 9-7 என்று ஜெயித்தார். 4 மணி 48 நிமிடம், இடையில் மழை, முடியும்போது இருட்டு. பெடரர் பாரிசில் நடாலை எத்தனை முறை ஜெயித்தார்? ஆறு முறை மோதி, பூஜ்யம். அவர் வாங்கிய ஒரே பிரெஞ்சு ஓபன் 2009-ல். அந்த வருடம் நடாலை நாலாவது சுற்றிலேயே சோடர்லிங் வெளியே அனுப்பிவிட்டார்.

மல்கோவா:

மாம்பழத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நான் பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

கொண்டை ஊசி 20:

தம்பி, தேதி சொன்னது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடால் ஐந்து வயது இளையவர். 2014 ஜனவரியில் பெடரருக்கு 32, நடாலுக்கு 27. அதோடு முந்தைய வருடம் பெடரர் முதுகு வலியால் அவதிப்பட்டார்.

மண்ணைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இடக்கை. நடாலின் போர்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கைப்பக்க அடி, சுற்றிச் சுழன்று வந்து, வலக்கை ஆட்டக்காரரின் மறுபக்கமான பேக்ஹேண்ட் பக்கம் விழுந்து, தோள் உயரத்துக்கு எழும்பும். இரண்டு கையால் பேக்ஹேண்ட் ஆடுபவர் அதை அழுத்திப் பிடித்து அடித்துவிடலாம். ஒரு கையால் ஆடுபவருக்கு அந்த உயரத்தில் பலமே இருக்காது. நானும் ஒரு கை பேக்ஹேண்ட்காரன், வலி தெரியும். பத்து வருடம் நடால் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டார். 'வேறு ஏதாவது ஆடப்பா' என்று டிவியைப் பார்த்து நான் கத்தியிருக்கிறேன். அவர் ஏன் வேறு ஆட வேண்டும்? திறந்திருக்கிற கதவு அதுதானே.

பெடரர் அதுவரை பிடித்தது 90 சதுர அங்குல மட்டை, சின்னத் தலை. 2014-ல் 97-க்கு மாறினார். அடுத்த வருடம் பாசெலில் நடாலை ஜெயித்தார். 2016-ல் முழங்கால் கெட்டு ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, 35 வயதில், 17-ஆம் தரவரிசையில் 2017 ஆஸ்திரேலிய ஓபனுக்கு மெல்போர்ன் வந்தார். பைனலில் நடால். ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்னால் இருந்தார். அங்கிருந்து வரிசையாக ஐந்து கேம், 6-3. பந்து எழும்பும் முன்பே, கோட்டின் மேல் நின்றுகொண்டு, பேக்ஹேண்டைத் தட்டையாக அறைந்தார். அதே வருடம் இண்டியன் வெல்ஸ், மயாமி, ஷாங்காய், மூன்றிலும் நடாலை ஜெயித்தார். கடைசி ஏழு மோதலில் பெடரருக்கு ஆறு. கதவைப் பூட்டிய பிறகு என்ன ஆனது என்று பாருங்கள்.

தட்டுவடை செட்:

வயதுக் கணக்கு ஒரு பக்கம் மட்டும் ஓடாது அண்ணே. 2008 பிரெஞ்சு ஓபன் பைனல் 6-1, 6-3, 6-0. அன்று பெடரருக்கு 26 வயது, உலகின் முதல் ஆள். முதல் மோதலில் மயாமியில் 6-3, 6-3 என்று தோற்கடித்தபோது நடாலுக்கு 17. தாடி கூட ஒழுங்காக முளைக்காத பையன்.

அமெரிக்க ஓபன் பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2008-லும் 2009-லும் பெடரர் பைனலில் காத்திருந்தார், நடால் அரையிறுதியில் போனார். சரி. 2010-லும் 2011-லும் நடால் பைனலில் காத்திருந்தார், பெடரர் அரையிறுதியில் ஜோகோவிச்சிடம் போனார். இரண்டு முறையும் பெடரர் கையில் இரண்டு மேட்ச் பாயிண்ட் இருந்தது, ஒரே ஒரு புள்ளி எடுத்திருந்தால் ஜெயம். நாலு வருடம் ஒரே ஓர் ஆட்டம் குறைந்து மோதாமல் போனார்கள். வராமல் தப்பித்த கணக்கு இரண்டு பக்கமும் உண்டு.

சூரமங்கலம்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் நடாலை நேரில் பார்த்தவன்.

2008 ஜனவரி, சென்னை ஓபன். ஜங்ஷனில் ரயில் ஏறி நுங்கம்பாக்கம் ஸ்டேடியம் போனேன். காசு இருந்தது ஒரு நாளைக்கு. 'பைனல் பார்ப்போம், நடால் வராமல் எங்கே போய்விடுவார்' என்று ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்தேன். முந்தைய நாள் அரையிறுதியில் கார்லோஸ் மோயாவோடு ஏறக்குறைய நாலு மணி நேரம். மூன்று செட்டும் 6-6 வரை போய் டை பிரேக்கரில்தான் முடிந்தது, முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தவன் அதிர்ஷ்டசாலி. நான் பார்த்தது மறுநாள். யூஸ்னி என்ற ரஷ்யக்காரர் 6-0, 6-1 என்று முடித்துவிட்டார். நடாலால் ஓடவே முடியவில்லை. வாங்கிய கடலைப் பொட்டலம் தீரவில்லை, ஆட்டம் தீர்ந்துவிட்டது.

நான் நடால் கட்சிதான். இருந்தாலும் சொல்கிறேன்: அதே யூஸ்னி பெடரரோடு 17 முறை ஆடினார், ஒரு முறை கூட ஜெயித்ததில்லை. அதை வைத்து யார் யாருக்கு மேலே என்று ஏணி போட முடியுமா? எதிரெதிர்க் கணக்கைக் கேட்டாலே எனக்கு அந்தக் கடலைப் பொட்டலம்தான் ஞாபகம் வருகிறது.

கொண்டை ஊசி 20:

அண்ணே, நீங்கள் யார் பக்கம்?

சூரமங்கலம்:

நடால் பக்கம். ஆனால் இன்னும் அந்த டிக்கெட் காசு வயிற்றெரிச்சல்.

கன்னங்குறிச்சி டீச்சர்:

தம்பிகளா, ஆண்கள் ஆட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன்: கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவா என்று இரண்டு பேர் இருந்தது தெரியுமா? 1973 முதல் 1988 வரை 80 முறை மோதினார்கள். உங்கள் ஆட்கள் மோதியது அதில் சரிபாதி. எண்பதில் அறுபது பைனல்.

நவ்ரத்திலோவா 43, எவர்ட் 37. மண் தரையில் எவர்ட் 11-3. கொண்டை ஊசி தம்பியின் முறைப்படி மண்ணைக் கழித்தால் 40-26 ஆகிவிடும். அப்படியென்றால் எவர்ட் சாதாரண ஆளா? கிராண்ட்ஸ்லாம் எனும் நாலு பெரிய போட்டிகளில் இரண்டு பேருக்கும் ஒற்றையர் பட்டம் 18, 18. எவர்ட் மண்ணில் 125 ஆட்டம் வரிசையாக ஜெயித்தவர். கழித்தல் கணக்கு யாரையும் குள்ளமாக்கிவிடும்.

எனக்குப் பிடித்தது வேறு. ஆரம்ப வருடங்களில் எவர்ட்டின் கைதான் ஓங்கியிருந்தது. நவ்ரத்திலோவா 18 வயதில் செக்கோஸ்லோவாக்கியாவை விட்டு வந்து, புது நாட்டில் கண்டதையும் தின்று உடம்பு போட்டிருந்தவர். எவர்ட்டை ஜெயிப்பதற்காகவே ஒரு கூடைப்பந்து வீராங்கனையிடம் போய்ப் பயிற்சி எடுத்து உடம்பை இரும்பாக்கினார். அப்புறம் எவர்ட்டை வரிசையாக 13 முறை ஜெயித்தார். இப்போது எவர்ட்டின் முறை. எடை தூக்கினார், மட்டையை மாற்றினார், 1985 பிரெஞ்சு ஓபன் பைனலில் 6-3, 6-7, 7-5 என்று திருப்பிக் கொடுத்தார். அன்று எனக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படம் பார்த்தேன், வலைக்கு மேலே இருவரும் தோளில் கை போட்டு நின்றார்கள். ஆட்டத்தைப் போன வருடம்தான் பேத்தி செல்போனில் போட்டுக் காட்டினாள். முடிவு தெரிந்தும் கை வியர்த்தது.

நீங்கள் சொன்ன மட்டை மாற்றமும் அதே கதைதான். நடாலும் புல்லுக்காக மாறினார். கோட்டுக்கு அருகில் வந்து நின்றார், சர்வீஸைத் திருத்தினார். 2006, 2007 விம்பிள்டன் பைனல் இரண்டிலும் பெடரரிடம் தோற்றவர்தான் 2008-ல் ஜெயித்தார்.

மல்கோவா:

டீச்சர், ஒரு சந்தேகம். பாரிசில் இருப்பது களிமண்ணா? பேப்பரில் அப்படித்தான் போடுகிறார்கள்.

கன்னங்குறிச்சி டீச்சர்:

பெயர்தான் களிமண். மேலே ஓரிரு மில்லிமீட்டர் செங்கல் தூள். அடியில் நொறுக்கிய சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே சரளை. அந்தத் தூள் பந்தின் வேகத்தைப் பிடித்துக்கொண்டு மேலே எழுப்பிவிடும். நடால் போடுகிற சுழலுக்கு அது எண்ணெய் ஊற்றிய மாதிரி.

மல்கோவா:

செங்கல் தூளும் சுண்ணாம்புக்கல்லும்தானா? செங்கல் சூளைக்கு நமக்குப் பஞ்சமில்லை, சுண்ணாம்புக்கல் சங்ககிரியில் வெட்டுகிறார்கள். நடாலை இங்கேயே தயார் பண்ணியிருக்கலாம் போலிருக்கிறதே.

கொண்டை ஊசி 20:

டீச்சர், இது மதில்மேல் பூனை. இரண்டு பேரும் நல்லவர்கள் என்றால் விவாதம் எதற்கு? ஓட்டு யாருக்கு?

கன்னங்குறிச்சி டீச்சர்:

நடாலுக்கு. எதிராளியின் வீட்டுக்குப் போய், அவர் வலுவாக இருக்கும்போதே ஜெயித்தவர் அவர். பெடரரால் பாரிசில் அது முடியவில்லை. ஆனால் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டால் பெடரர் ஆட்டத்துக்குத்தான் வருவேன். போதுமா?

கொண்டை ஊசி 20:

போதாது. மண்ணில் பெடரர் ஜெயித்த இரண்டில் ஒன்று 2007 ஹாம்பர்க். நடாலின் 81 ஆட்ட வரிசை வெற்றியை 2-6, 6-2, 6-0 என்று முடித்து வைத்தார். வீட்டுக்கே போகவில்லை என்று சொல்லாதீர்கள். தெருமுனை வரை போயிருக்கிறார்.

தட்டுவடை செட்:

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார்! நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அதே 2007-ல் நடந்த ஒரு கூத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடாலின் ஊரான மயோர்காவில் ஒரு கோர்ட்டைப் பாதி புல், பாதி மண் என்று போட்டார்கள். பக்கம் மாறும்போதெல்லாம் இருவரும் ஷூவையும் மாற்றிக்கொண்டார்கள். 7-5, 4-6, 7-6, நடால். தரை சமமாகப் பங்கு போட்ட ஆட்டத்திலும் நம்ம ஆள்தான்.

கொண்டை ஊசி 20:

கடைசி டை பிரேக்கர் 12-10. காட்சி ஆட்டம் வேறு. அதைப் போய் சாட்சிக்குக் கூப்பிடுகிறாயே தம்பி.

சரி, எழுத்தில் இது தீராது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் கீழே வருகிறேன். நாம் எல்லோரும் ஆடுகிற அந்தக் கோர்ட்டும் கிட்டத்தட்ட மயோர்காதான், ஒரு பக்கம் சிமெண்ட், மறுபக்கம் பெயர்ந்து மண். தோற்றவர் எல்லோருக்கும் தட்டுவடை செட். டீச்சர் நடுவர்.

கன்னங்குறிச்சி டீச்சர்:

வருகிறேன். கார வகை எனக்கு ஆகாது, பூண்டு சட்னி தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

சூரமங்கலம்:

நானும் வருகிறேன். இந்த முறையாவது ஆட்டம் கொஞ்சம் நீளட்டும்.

தட்டுவடை செட்:

வந்துவிடுகிறேன் அண்ணே. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் இடக்கை.

கொண்டை ஊசி 20:

டீச்சர், இரண்டு கை பேக்ஹேண்ட் பழக மூன்று நாள் போதுமா?

கன்னங்குறிச்சி டீச்சர்:

போதாது.