நிண்டெண்டோ: யமாவுச்சி காலமா, இவாட்டா காலமா?

கேள்வி:
1949 முதல் 2002 வரை தலைவராக இருந்த ஹிரோஷி யமாவுச்சி, சீட்டுக்கட்டு தயாரித்துக்கொண்டிருந்த கியோட்டோ நிறுவனத்தை, டிவியோடு இணைக்கும் ஃபாமிகாம், கையடக்கமான கேம் பாய் ஆகிய வீடியோ கேம் கருவிகளால் உலகம் அறியச் செய்தார். அடுத்து வந்த சதோரு இவாட்டா, 2015இல் தம் 55ஆம் வயதில் மறையும் வரை, டிஎஸ் என்ற கையடக்கக் கருவி, வீ என்ற டிவி கருவி ஆகியவற்றின் வழியே நிறுவனத்தை வேறொரு திசைக்குத் திருப்பினார். விற்பனையை வைத்துப் பேசினால், 15 கோடியைத் தாண்டிய டிஎஸ்ஸுக்கு முன்னால் 6 கோடியைச் சற்றே கடந்த ஃபாமிகாம் நிற்காது. ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு காலத்தை எடைபோடலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. இன்று நாம் விளையாடும் விதத்தில் யாருடைய காலத்தின் தடம் ஆழமாகத் தெரிகிறது?

பதில் 1:
ஐயமின்றி யமாவுச்சி காலம்தான். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான புரோ கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, இடப்பக்கம் இருக்கும் கூட்டல் குறி வடிவப் பொத்தானைப் பாருங்கள். இரண்டாக மடியும் சிறு கருவியில் துருத்தி நிற்கும் ஜாய்ஸ்டிக் பொருந்தாது என்பதால், 1982இல் வெளிவந்த கேம் அண்ட் வாட்ச் டாங்கி காங் என்ற கையடக்க விளையாட்டுக்காக நிண்டெண்டோ வடிவமைப்பாளர் குன்பெய் யோகோய் தட்டையாக அமைத்த பொத்தான் அது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் கட்டைவிரல் அதே இடத்தில்தான் அழுத்துகிறது. விற்பனைக் கணக்கும் முழுமையானதல்ல. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் நுழைந்து, கேசட்டை ஊதி ஊதிச் செருகவைத்த பெட்டிகளில் பல ஃபாமிகாமின் நகல்களே. அவை எந்தக் கணக்கிலும் வராது.

பதில் 2:
பொத்தானைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் அந்தக் காலத்தின் பிடிவாதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வெளி நிறுவனங்கள் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடும், போட்டியாளர்கள் குறுந்தகட்டுக்கு மாறிய பிறகும் நிண்டெண்டோ 64 கருவியில் கார்ட்ரிட்ஜையே (நாம் கேசட் என்பது) விடாமல் பற்றிக்கொண்டதும், ஸ்கொயர் போன்ற விளையாட்டு நிறுவனங்கள் சோனியின் பிளேஸ்டேஷனுக்குப் போக வழிவகுத்தன. இவாட்டா பொறுப்பேற்றபோது சந்தையில் இருந்த கேம்கியூப் கருவியின் மொத்த விற்பனை 2.2 கோடியைக்கூட எட்டவில்லை. அவர் யாருடைய கருவி அதிகத் திறன் வாய்ந்தது என்ற போட்டியிலிருந்து விலகி, விளையாட்டையே தொடாதவர்களை நோக்கிப் போனார். மூளைப் பயிற்சி விளையாட்டுக்காக டிஎஸ் வாங்கிய பெரியவர்களும், வீ ரிமோட்டை வீசி பௌலிங் ஆடிய தாத்தா பாட்டிகளும் அந்த முடிவால் வந்தவர்கள். 2011இல் டிஎஸ்ஸின் வாரிசான 3டிஎஸ் சரியாக விற்காதபோது விலையை 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னாகக் குறைத்துவிட்டு, தம் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். அந்தப் பண்பும் அவர் காலம் விட்டுச்சென்ற சொத்து என்றே நான் மதிக்கிறேன்.

பதில் 3:
தலைவர் மாறிய ஆண்டில் கோடு கிழிப்பதுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. டிஎஸ்ஸுக்கு இரண்டு திரை வேண்டும் என்று வற்புறுத்தியவர், பதவியிலிருந்து விலகிவிட்ட யமாவுச்சிதான். அதன் மூல வடிவமும் இரண்டு திரை கொண்ட அந்த மடிப்பு கேம் அண்ட் வாட்ச்தான். பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புதுக் கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற யோகோயின் கொள்கைதான் வீயிலும் வேலை செய்தது. இவாட்டாவின் பெரிய தோல்வியான, வீயை அடுத்து வந்த வீ யு 1.36 கோடி விற்பனையோடு நின்றது. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் திரை இருந்தும், டிவியருகே இருக்கும் பெட்டியை விட்டு அடுத்த அறைக்கு எடுத்துச் சென்றால் படம் அறுந்துவிடும் கருவி அது. அந்தக் குறையைத் தீர்த்த ஸ்விட்சை, என்எக்ஸ் என்ற குறிப்பெயரில் 2015 மார்ச்சில் அறிவித்தவர் இவாட்டா. 2017 மார்ச்சில் அது கடைக்கு வந்தபோது அவர் இல்லை.

கேள்வி கேட்டவர்:
டிஎஸ்ஸை முழுக்க இவாட்டாவின் கணக்கில் எழுதிவைத்திருந்தேன், அதை மாற்றிக்கொள்கிறேன். இந்த வழியில் பார்த்தால், 2018இல் தலைவரான ஃபுருகாவாவின் காலத்தை ஸ்விட்ச் விற்பனையை வைத்து மதிப்பிடுவதும் தவறு. 2025இல் வந்த ஸ்விட்ச் 2கூட, எனக்குத் தெரிந்தவரை, இவாட்டா போட்ட பாதையிலேயே நடக்கிறது.