ஆக்சியோவில் கூலன்ட் குறைகிறது, ஒழுக்கைக் காணோம்: என்ன பார்க்கலாம்?

கல்லடியான்:
என்னுடையது 2008 டொயோட்டா ஆக்சியோ கார், 1500 சிசி, சி.வி.டி கியர் (பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியர்). எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டைப் போத்தலில் மேல்கோடு வரை விட்டால் கொஞ்ச நாளில் கீழ்கோட்டுக்கு வந்துவிடுகிறது. ஏசி போட்டு ஓடிய நாட்களில் மட்டும் நிறுத்திய இடத்தில் ஈரம் இருக்கும், அதுவும் நிறமில்லாத தண்ணீர். ஹீட் ஏறவில்லை. கராஜில் "கிணத்துத் தண்ணிய விட்டுட்டு ஓடுங்க" என்கிறார்கள். விடுமுறைக்கு மகாஓயா, மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போக இருக்கிறோம், பதினெட்டு வளைவு ஏறவேண்டும். போகலாமா? பவர் ஸ்டீயரிங் ஒயில் போத்தலையும் தேடினேன், கிடைக்கவில்லை.

காத்தான்குடி நானா:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: உங்கள் காரில் அந்தப் போத்தலே இல்லை தம்பி. ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டர்தான்.

ஏசித் தண்ணீரும் பிரச்சினை இல்லை. ஆனால் கூலன்ட் ஆவியாகிப் போகிற பொருள் அல்ல, மூடிய சுற்றில் ஓடுவது. குறைந்தால் எங்கோ போகிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டோர்ச் அடித்து, பெல்ட் பக்கம், கூலன்டைச் சுற்றவிடும் வோட்டர் பம்பின் நாலாபக்கமும் பாருங்கள். இளஞ்சிவப்பாகப் பொருக்குக் கட்டியிருந்தால் பம்ப் சீல் கசிகிறது. சூட்டில் உடனே காய்ந்துவிடுவதால் நிலத்தில் சொட்டாது. அடுத்து ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஹோஸ் கிளிப்புகள். முன்சீட்டுக்குக் கீழே கம்பளம் ஈரமா என்றும் தடவிப் பாருங்கள், காருக்குள் இருக்கும் ஹீட்டரில் கூலன்ட் கசிந்தால் அங்கே நனையும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

அக்கரைப்பற்று:
எங்கள் வீட்டு வேனுக்குப் பல வருடமாகத் தண்ணீர்தான், ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வெயிலுக்குக் கூலன்ட் எதற்கு? அது குளிர்நாட்டுக்காரருக்கு.

காத்தான்குடி நானா:
உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப் பிடிக்காமல் வைத்திருப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதுவே. கரையோரத்து கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும், கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே பொருக்கு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். அவசரத்துக்குத் தண்ணீர் விடலாம், தப்பில்லை. வழமையாக்கினால் கூலன்ட் நீர்த்துப்போகும். இந்தக் காருக்கு டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட், தண்ணீர் கலந்தே வருவது, அப்படியே விடலாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி வேறு கம்பனியுடையதை வாங்கிக் கலக்காதீர்கள், ஒவ்வொருவரும் விரும்பிய நிறத்தைப் போடுகிறார்கள். பழையதை வடித்தால் பூனை, ஆடு எட்டாத இடத்தில் வையுங்கள். ருசி இனிப்பு, ஆனால் நஞ்சு.

களுவாஞ்சிக்குடி:
ஒயில் ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள் தம்பி. ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தாலோ, சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப்புகை நிற்காவிட்டாலோ கண்டி பயணத்தை மறந்துவிடுங்கள், ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதிக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம் என்று சந்தேகம்.

பிரேக் ஒயில் எப்போது மாற்றியது? ஏறும்போது கூலன்டுக்குச் சோதனை, திரும்பி இறங்கும்போது பிரேக்குக்கு. பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 தர ஒயில் என்றால் புதிதில் 205 பாகை வரையாவது கொதிக்காமல் தாங்கவேண்டும், ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140தான். தொடர்ந்து மிதித்து இறங்கினால் கொதித்துக் குமிழி வரும், பெடல் பஞ்சாகிவிடும். பிரேக் ஒயில் மட்டம் குறைந்திருந்தால் சும்மா நிரப்பாமல் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லடியான்:
பார்த்தேன். ஒயில் சுத்தம், கம்பளம் உலர்ந்திருக்கிறது. பம்புக்குக் கீழே நானா சொன்ன அதே இளஞ்சிவப்புப் பொருக்கு! பிரேக் ஒயில் தேயிலைச் சாயம் மாதிரி கறுத்திருக்கிறது. சி.வி.டி ஒயிலையும் இதோடு மாற்றவா? கராஜில் சாதாரண ஓட்டோ கியர் ஒயில் போதும் என்கிறார்கள்.

காத்தான்குடி நானா:
அந்தச் சாதாரண ஒயிலை மட்டும் ஊற்றவே வேண்டாம். சி.வி.டியில் உலோக பெல்ட் வழுக்காமல் பிடிக்க அதற்கென்றே செய்த ஒயில் வேண்டும். சாதாரணமானதை விட்டால் கியர்பெட்டி போய்விடும், செலவு பம்பைப் போலப் பல மடங்கு. எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் சரியான ஒயில் கையில் கிடைத்த பிறகு மாற்றுங்கள்.

இப்போதைக்குப் பம்ப், பழசானால் பெல்ட், பிரேக் ஒயில். இவை முடியாமல் மலை ஏறவேண்டாம். பம்ப் போட்டு, கூலன்ட் சுற்றில் சிக்கிய காற்றை வெளியேற்றியதும் ஒருமுறை ஓடி, எஞ்சின் ஆறியபின் போத்தலைப் பாருங்கள். அந்த முதல் தடவை மட்டம் கொஞ்சம் இறங்கும், பயப்படாமல் நிரப்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால்தான் இங்கே எழுதவேண்டும்.