ஃபைபர் படகில் பழுப்புக் கறை, துருக் கோடு: சோப்பு போட்டும் போகவில்லை, என்ன செய்யலாம்?

உப்பனாற்றங்கரை:
வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். அப்பா பெயரில் ஒரு வெள்ளை ஃபைபர் படகு இருக்கிறது, லாங் டெயில் என்ஜின் வைத்தது. கடலுக்குப் போகாத நாளெல்லாம் உப்பனாற்றில்தான் கட்டிக் கிடக்கும். விற்கலாம் என்று கரையேற்றிக் கவிழ்த்துப் பார்த்தால், தண்ணீர் நிற்கும் மட்டத்தில் அணியத்திலிருந்து (முன்முனை) பின்பக்கம் வரை ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்புப் பட்டை. என்ஜின் ஸ்டாண்டு போல்ட் வெளியே தலைநீட்டும் இடத்துக்குக் கீழே சிவப்பும் கறுப்புமாக வழிந்த கோடு. அடியில் ஒட்டியிருந்த கொட்டலசை (ஓடுள்ள சின்னக் கடல் உயிர்) சுரண்டிய இடமெல்லாம் வெள்ளை வளையம்.

துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கும் நார், ப்ளீச்சிங் பவுடர் எல்லாம் போட்டாகிவிட்டது. பாசி போனது, கறை போகவில்லை. வாங்க வந்த பரங்கிப்பேட்டைக்காரர், "தண்ணி உள்ளே இறங்கிடுச்சு தம்பி" என்று விலையை அடிக்கிறார். பட்டறையில் விடலாம் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், எல்லாப் பட்டறையிலும் பெரிய படகுகளே ஏறி நிற்கின்றன. சின்னப் படகை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டிலேயே செய்ய வழி உண்டா? நிஜமாகவே தண்ணீர் இறங்கியிருக்குமா?

தாழங்குடா மாப்ளே:
இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? கழிவறை கழுவும் ஆசிட்டை அப்படியே ஊற்றித் தேயுங்கள். பளிச். நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

பட்டறை அண்ணன், தேங்காய்த்திட்டு:
மாப்ளே, அவசரப்படாதீங்க. அது உப்பு ஆசிட். கறையும் போகும், கூடவே ஜெல்கோட்டின், அதாவது ஃபைபருக்கு மேலே இருக்கிற வழவழப்பான வெளிப்பூச்சின், மினுமினுப்பும் போகும். மினுமினுப்பு போன இடத்தில் அடுத்த மழைக்காலத்துக் கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டைக்கூட அந்த ஆசிட் அரித்துவிடும்.

உப்பனாற்றங்கரைத் தம்பி, முதலில் ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. பஞ்சில் கொஞ்சம் தின்னர் தொட்டு ஓர் ஓரமாகத் துடையுங்கள். பஞ்சில் வெள்ளை ஒட்டினால் மேலே யாரோ எனாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒட்டவில்லை என்றால் ஒரிஜினல் ஜெல்கோட். அடுத்தது, பழுப்புப் பட்டையில் தீப்பெட்டி அளவு இடத்தை 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டு லேசாகத் தேயுங்கள். ஜெல்கோட் மொத்தமே அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், அழுத்த வேண்டாம். நாலு இழுப்பில் வெள்ளை தெரிந்தால் கறை மேலோடு நிற்கிறது.

தண்ணீர் உள்ளே இறங்கின படகில் வேறு அடையாளம் இருக்கும். அம்மைக் கொப்புளம் மாதிரி சின்னச் சின்னதாக உப்பியிருக்கும். ஒன்றை ஊசியால் குத்தினால் பிசுபிசுப்பான தண்ணீர் வரும், புளித்த காடி வாடை அடிக்கும்.

உப்பனாற்றங்கரை:
பார்த்துவிட்டேன் அண்ணே. தின்னருக்கு வெள்ளை ஒட்டவில்லை. வாட்டர் பேப்பர் போட்ட இடம் உடனே வெள்ளையாகிவிட்டது. கொப்புளம் எங்கேயும் இல்லை, கையால் தடவித் தடவிப் பார்த்தேன். அப்படியானால் படகு முழுக்க வாட்டர் பேப்பரே போட்டுவிடலாமா?

பட்டறை அண்ணன், தேங்காய்த்திட்டு:
கூடாது. கறைக்காக ஜெல்கோட்டைத் தேய்த்து எடுக்கிறது தோலை உரிக்கிற வேலை. மருந்து வைத்து எடுக்க முடிந்ததை மருந்து வைத்துத்தான் எடுக்கணும்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
உங்கள் படகில் இருப்பது ஒரு கறை இல்லை, மூன்று. மூன்றுக்கும் ஒரே மருந்து தேடுவதால்தான் எதுவும் பலிக்கவில்லை.

பழுப்புப் பட்டை, இலை தழை ஊறிய தண்ணீரின் துவர்ப்புச் சாயம். வடகிழக்குப் பருவமழையில் உப்பனாறு தேநீர் நிறத்தில் ஓடுமே, அந்த நிறம்தான் ஒட்டியிருக்கிறது. பருத்தி வலை இருந்த காலத்தில் வலை மக்காமல் இருக்க மரப்பட்டையைக் காய்ச்சிச் சாயம் ஏற்றுவார்கள். அதே சங்கதியை இப்போது ஆறு உங்கள் படகுக்கு இலவசமாகச் செய்திருக்கிறது.

போல்ட்டுக்குக் கீழே சிவப்பாக இருப்பது துரு. கறுப்பாக இருப்பது துருவும் துவர்ப்பும் கலந்தது. அந்தக் காலத்தில் துவர்ப்புள்ள கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து எழுதும் மை செய்தது இதே முறையில்தான், மை அழியுமா? ப்ளீச்சிங் பவுடர் பாசியைக் கொல்லும், துருவை ஒன்றும் செய்யாது. சில சமயம் இன்னும் அழுத்தமாக்கிவிடும்.

வெள்ளை வளையம் கொட்டலசின் அடித்தட்டு, சுத்தச் சுண்ணாம்பு.

பழுப்புக்கும் துருவுக்கும் ஆக்ஸாலிக் ஆசிட் சரியான மருந்து. அது இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரையும்படி செய்துவிடும். மொசைக் தரை பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் வெள்ளைத் தூள், ஹார்டுவேர் கடையில் கேட்டாலே தருவார்கள். ஆனால் அதே ஆசிட் சுண்ணாம்பின் மேல் பட்டால் கரையாத ஒரு வெள்ளைப் பொருக்காக மாறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் வளையத்தை எடுக்காமல் ஆக்ஸாலிக் பக்கம் போகவே கூடாது. அலசும் தண்ணீரிலும் கவனம். முதுநகர் பக்கத்து போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால், அலசிய பிறகும் மாவு பூத்தது மாதிரி வெள்ளை படியும். குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். படகில் ப்ளீச்சிங் பவுடர் மிச்சம் இருக்கும்போது எந்த ஆசிட்டும் படக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைத்துவிடும். முதலில் நன்றாகக் கழுவி ஒரு நாள் காயவிடுங்கள்.

ராசாப்பேட்டை:
இது சிப்காட் கம்பெனித் தண்ணியால வந்த கறை சார். இலை, தழை என்று மூடி மறைக்க வேண்டாம்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
உப்பனாற்றில் தொழிற்சாலைக் கழிவு சேர்வதைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு, அது தனியாகப் பேச வேண்டியது. ஆனால் கம்பெனியே இல்லாத பிச்சாவரத்தில், சுரபுன்னைக் காட்டு ஓடையில் கட்டும் வெள்ளைப் படகிலும் இதே பழுப்புக் கோடு விழும்.

திருப்பாதிரிப்புலியூர் அக்கா:
எங்கள் வீட்டில் துருக் கறைக்குப் புளிதான். பித்தளைக் குடமே பளபளக்கிறது, படகு எம்மாத்திரம்?

பட்டறை அண்ணன், தேங்காய்த்திட்டு:
அக்கா, சின்னப் பொட்டுக்குப் புளி வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. முழுப் படகுக்கும் என்றால் கல்யாணப் பந்திக்கு ரசம் வைக்கிற புளி வேண்டும்.

தம்பி, வேலையை இப்படிச் செய்யுங்க. கொட்டலசு மிச்சத்தை ஈரத்தோடு பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். அரிவாளும் கத்தியும் வேண்டாம், கீறல் விழும். டீசல் பிசுக்கு இருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எண்ணெய் இருக்கிற இடத்தில் எந்த ஆசிட்டும் ஏறாது. அப்புறம் வளையத்துக்கு வினிகர். துணியை நனைத்து அந்த இடத்தில் ஒட்டிவிடுங்கள். பொறுபொறு என்று நுரை வரும், நுரை அடங்கியதும் சுரண்டினால் விட்டுவிடும். பிடிவாதமான வளையத்துக்கு மறுபடி துணி போடுங்கள். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும்.

ஆக்ஸாலிக் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 கிராம் போதும். பிளாஸ்டிக் வாளியில் கலக்கணும், தகர டின்னில் வேண்டாம். படகின் பக்கம் சாய்வாக இருப்பதால் தண்ணீராகப் பூசினால் ஓடிவிடும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் மைதாவில் பசை காய்ச்சுவார்களே, அந்தப் பசையை ஆறவிட்டு அதில் கலந்து பிரஷ்ஷால் பூசுங்கள், பிடித்துக்கொண்டு நிற்கும். கால் மணி நேரம், காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். இந்த வெயிலில் பத்து மணிக்கு மேல் பூசினால் பூசும்போதே காய்ந்துவிடும், விடியற்காலை செய்யுங்கள். முதலில் மூலையில் ஒரு சாண் இடத்தில் மட்டும் பூசிப் பாருங்கள். கடைசியாகச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு கழுவு, நல்ல தண்ணீரில் ஒரு கழுவு.

ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். தூளைக் கொட்டும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அது விஷம். பசை பார்க்கக் கூழ் மாதிரியே இருக்கும். பிள்ளைகள், நாய், ஆடு எதையும் பக்கத்தில் விடாதீங்க. கழுவின தண்ணீர் ஆற்றுக்குள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். நாட்டு இரும்பு போல்ட்டாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் போட்டு, துளையில் சீலன்ட் வைத்து முடுக்குங்கள். அதை விட்டுவிட்டுக் கறையை மட்டும் எடுத்தால் அடுத்த தீபாவளிக்குள் கோடு திரும்ப வந்துவிடும்.

உப்பனாற்றங்கரை:
செய்து பார்த்தாகிவிட்டது. பழுப்புப் பட்டை நம்ப முடியாத அளவுக்குப் போய்விட்டது. பசையைக் கழுவும்போதே மஞ்சளாக ஓடியது. வளையம்தான் உயிரை எடுத்தது, வினிகர் துணியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. போல்ட் அண்ணன் சொன்ன மாதிரியே இரும்பு. கழற்றும்போது பாதி கையோடு வந்தது, மாற்றிவிட்டேன்.

ஆனால் வலது பக்கம் போல்ட்டுக்கு நாலு விரல் கீழே தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. பசையை ரெண்டாம் முறை பூசியும் அசையவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நகம் லேசாகத் தட்டுகிறது. அதோடு, கறை போன இடம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது.

பட்டறை அண்ணன், தேங்காய்த்திட்டு:
நகம் தட்டினால் அது விரிசல், கறை அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஆசிட் இனி வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் முனையால் கோட்டை லேசாக அகலப்படுத்துங்கள், உள்ளே ஃபைபர் மேட் (கண்ணாடி இழை அடுக்கு) தெரிகிற வரைக்கும் போகக்கூடாது. அசிட்டோனில் துடைத்து நன்றாகக் காயவிட்டு, வெள்ளை ஜெல்கோட் வைத்து அடையுங்கள். ஹார்ட்னர் (இறுக வைக்கும் மருந்து) 100 கிராம் ஜெல்கோட்டுக்கு 2 மில்லி கணக்கு, உங்களுக்குத் தேவை ஒரு ஸ்பூன்தான் என்பதால் சிரிஞ்சில் அளந்து விடுங்கள். கடையில் ஆக்சிலரேட்டர் (இறுகுவதை வேகப்படுத்துவது) தனி பாட்டிலில் கொடுத்தால் அதை முதலில் ஜெல்கோட்டில் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்ட்னர். அந்த ரெண்டு பாட்டிலையும் நேருக்கு நேர் கலந்தால் வெடித்துவிடும், விளையாட்டு இல்லை. அடைத்ததும் மேலே ஒரு ஓஎச்பி தாளை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அழுத்தி ஒட்டிவிடுங்கள், காற்றுப் பட்டால் ஜெல்கோட் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

இறுகின பிறகு 600, 1000, 1500 என்று வாட்டர் பேப்பர். மங்கலுக்கு வெள்ளை ரப்பிங் காம்பவுண்ட், மேலே வேக்ஸ். வேக்ஸ் போட்ட படகில் கறை பிடிக்க நாளாகும், வாங்குகிறவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பதிவு எண் எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் காம்பவுண்ட் போடாதீங்க. எழுத்து மங்கினால் விற்கும்போது அதுவே ஒரு வழக்காகும்.

விரிசலை மறைத்து விற்காமல், அடைத்ததைச் சொல்லியே விற்றுவிடுங்கள். பரங்கிப்பேட்டைக்காரர் எப்படியும் நகத்தை வைத்துப் பார்ப்பார்.

தாழங்குடா மாப்ளே:
அது இருக்கட்டும், என்ன விலை சொல்றீங்க? என்ஜினோடயா, வெறும் படகா? எங்கள் சித்தப்பா ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார்.